முழுப் பூசணிக்காய்

(பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு வீடு. மாமனார் இராமசாமி சென்ற வாரம்தான் உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார். மருமகள் சுமதி ஒரு கையில் காப்பியும் மறு கையில் புத்தகமுமாக வருகிறாள்.)

சுமதி: காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் மாமா. அடடா, என்ன விஷம்! என்ன விஷம்!

இராமசாமி: (தம்ளரை உதட்டருகே நிறுத்தி) எதில் அம்மணி?

சுமதி: கதையில் மாமா. ஒருத்தி கணவனுக்கே விஷம் வைத்துக் கொன்றிருக்கிறாள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து அடக்கம் செய்துவிட்டார்கள்.

இராமசாமி: காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருக்கிறதுபோல. நீ ஒரு வாய் குடித்துப் பார்.

சுமதி: நீங்கள் இன்னும் குடிக்கவே இல்லையே!

இராமசாமி: உயில் எழுதிய வாரத்தில் மருமகள் விஷக் கதை படித்தால், மாமனார் கொஞ்சம் நிதானிக்க வேண்டாமா?

சுமதி: உயிலில் எனக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

இராமசாமி: ஒன்றும் எழுதவில்லை.

சுமதி: பிறகென்ன, தைரியமாகக் குடியுங்கள். ஆதாயம் இருக்கிறவர்மேல்தான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் மகன் கையால் காப்பி வந்தால் மட்டும் யோசியுங்கள்.

(அவர் மகன் காப்பி போட்டதே இல்லை என்பதால் இராமசாமி நிம்மதியாகக் குடிக்கிறார்.)

இராமசாமி: யார் எழுதியது?

சுமதி: அகதா கிறிஸ்டி. முதல் உலகப் போரின்போது மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். 1920-இல் வந்த முதல் நாவலில் ஸ்டிரிக்னைன் விஷத்தை அவர் கையாண்ட விதத்தை மருந்தாளுநர்களின் இதழ் ஒன்று பாராட்டியது.

இராமசாமி: கொலைக்கா பாராட்டு?

சுமதி: அளவு பிசகாமல் கொன்றதற்கு. இது 1926-இல் வந்த ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’. அக்ராய்ட் கிராமத்துப் பணக்காரர். இரவில் தன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். துப்பறிகிறவர் பெயர் புவாரோ. பெல்ஜியத்துக்காரர். ஓய்வு பெற்றுப் பூசணி வகைக் காய் பயிரிட அந்தக் கிராமத்துக்கு வந்திருக்கிறார்.

இராமசாமி: (நிமிர்ந்து உட்கார்ந்து) வெள்ளாமை செய்கிறவனா? எத்தனை ஏக்கர்?

சுமதி: வீட்டுத் தோட்டம்தான் மாமா.

இராமசாமி: சொட்டு நீரா, வாய்க்கால் பாசனமா?

சுமதி: இங்கிலாந்து மாமா. மழையே போதும். ஒரு நாள் சலிப்பில் ஒரு காயை மதிலுக்கு மேல் வீசி எறிகிறார். பக்கத்து வீட்டு டாக்டர் தலை தப்பியது.

இராமசாமி: விளைந்த காயை வீசுகிறானா! அவனைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும்.

சுமதி: துப்பறிகிறவரே கொலைகாரராக இருக்கக் கூடாது. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதிவைத்திருக்கிறார். பேய் பிசாசைக் கொண்டுவரக் கூடாது. உலகம் அறியாத விஷம் கூடாது. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும்.

இராமசாமி: பாகப் பிரிவினைக்கு இப்படி ஒரு பாதிரியார் விதி எழுதியிருந்தால் எனக்குப் பதினெட்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்த வேலை மிச்சமாகியிருக்கும். சரி, கொலைகாரன் யார்?

சுமதி: சொல்லமாட்டேன்.

இராமசாமி: எனக்கே சொல்லமாட்டாயா? கோவை ராஜேஷ்குமார் நாவலைப் பஸ் நிலையத்தில் வாங்கினால், உடுமலை போய்ச் சேருவதற்குள் முடித்துவிடுகிற ஆள் நான். கொடு இங்கே.

(புத்தகம் கைமாறுகிறது. சமையலறையில் சட்டியில் என்ன தீய்கிறது என்று கேட்பார் இல்லை. இரவு மணி பத்தாகிறது.)

சுமதி: மாமா, மும்முனை மின்சாரம் வந்துவிட்டது. மோட்டார் போடவில்லையா?

இராமசாமி: தென்னை ஒரு நாள் தாங்கும். நான் தாங்கமாட்டேன்.

சுமதி: எதுவரை போயிருக்கிறீர்கள்?

இராமசாமி: வளர்ப்பு மகனைக் காணவில்லை. கடன் வேறு இருக்கிறது. சொத்தில் பெரும் பங்கும் அவனுக்குத்தான். எல்லாரும் அவனைச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கடன்பட்டு ஓடினவனெல்லாம் கொலைகாரன் என்றால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஆள் மிஞ்சாது.

சுமதி: பிறகு யார்மேல் சந்தேகம்?

இராமசாமி: வேலைக்காரன் பார்க்கர். அவன் முழியே சரியில்லை.

சுமதி: புத்தகத்தில் முழியை எப்படிப் பார்த்தீர்கள்?

இராமசாமி: நாற்பது வருடமாகத் தேங்காய் வியாபாரிகளோடு பழகியவனுக்கு எழுத்திலேயே முழி தெரியும். ஆனால் இந்த புவாரோவைப் பார், கொலையை விட்டுவிட்டு ஒரு நாற்காலி ஏன் இடம் மாறியது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நம் வீட்டில் உன் பையன் நாற்காலியை நகர்த்தாத நாள் உண்டா? வெட்டி வேலை!

சுமதி: அவரை அவன் இவன் என்று சொல்லாதீர்கள். 1975 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே அவருக்கு இரங்கல் செய்தி போட்டது.

இராமசாமி: கதையில் வருகிற ஆளுக்கா? இங்கே என் பங்காளி இறந்தபோது பிளெக்ஸ் பேனரில் பெயரைத் தப்பாகப் போட்டார்கள்.

(மறுநாள் காலை. கண்கள் சிவந்து, தோளில் துண்டு நழுவ, இராமசாமி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.)

சுமதி: முடித்துவிட்டீர்களா?

இராமசாமி: (நீண்ட அமைதிக்குப் பிறகு) அம்மணி, சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதைப் பார்த்திருக்கிறாயா?

சுமதி: துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்களே.

இராமசாமி: அதேதான். மாடு எதிரில் நிற்கிறது. விற்கிறவனும் வாங்குகிறவனும் எதிரில் நிற்கிறார்கள். சுற்றி நூறு பேர் பார்க்கிறார்கள். விலை மட்டும் ஒருவருக்கும் தெரியாது. இந்த அம்மா எல்லாவற்றையும் என் எதிரிலேயே வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டிருக்கிறார். திரும்பப் புரட்டிப் பார்த்தேன். நான் வெட்டி வேலை என்று தாண்டிப்போன இடத்திலெல்லாம் குறிப்பு கிடக்கிறது.

சுமதி: கோபமா மாமா?

இராமசாமி: கோபமா? சந்தையில் என்னை இவ்வளவு அழகாக ஏமாற்ற ஒருவன் பிறக்கவில்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.

சுமதி: 2013-இல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தார் வாக்களித்து, இதுவரை வந்த குற்ற நாவல்களில் இதுதான் சிறந்தது என்று தேர்ந்தெடுத்தார்கள்.

இராமசாமி: என் ஓட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல். அப்புறம், பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். தினமும் சாயங்காலம் வந்து யார்மேல் சந்தேகம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் முகத்தைக் காட்டாமல் கேட்டுக்கொள்கிறேன்.

சுமதி: அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார் மாமா.

இராமசாமி: தெரியும், இரவோடு இரவாக வரப்பை வெட்டுகிற ஆள்தானே. நீ போய்க் கோணி ஊசியும் சணலும் எடுத்து வா. கடைசி நான்கு அத்தியாயத்துக்கும் ஒரு தையல் போட்டுவிடலாம்.

சுமதி: ஐயோ, நூலகப் புத்தகம் மாமா!

இராமசாமி: அப்படியானால் ஓரமாகத் தைக்கிறேன்.