ஆந்த்ராக்ஸ்: ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

உயிரி பயங்கரவாதம், அதாவது கிருமியை ஆயுதமாக்கித் தாக்குவது, என்று பேச்செடுத்தாலே ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோய், வெள்ளைப் பொடி, எங்கோ ஒளிந்திருக்கும் எதிரி என்று ஒரு சித்திரம் தயாராக இருக்கிறது. அந்த எதிரியைத் தேடுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது நம் பக்கத்து அலட்சியத்தின் மீது காட்டலாம் என்பது என் கட்சி.

2001 அக்டோபர் 15 அன்று வாஷிங்டனில் செனட்டர் டாம் டாஷலின் அலுவலகத்தில் ஒரு கடிதம் பிரிக்கப்பட்டது. உள்ளே ஆந்த்ராக்ஸ் பொடி. அன்றே அங்கிருந்தவர்களின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து, சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். நல்ல வேகம். ஆனால் அதே கடிதம் கடந்து வந்த பிரெண்ட்வுட் அஞ்சல் பிரிப்பு நிலையம் அக்டோபர் 21 வரை வழக்கம்போல் இயங்கியது. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியே வராது என்று அதிகாரிகள் நம்பினார்கள். கடிதங்களை அழுத்தி அதிவேகமாகத் தள்ளும் இயந்திரத்தில் உறை என்ன பாடுபடும் என்பதை அங்கே வேலை செய்யும் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அந்த நிலையத்தின் ஊழியர் ஒருவர், வயது 55, அக்டோபர் 21 அதிகாலையில் அவசர உதவி எண்ணை அழைத்தார். மூச்சுத் திணறுகிறது, நெஞ்சு இறுகுகிறது என்றார். தனக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியிருக்கலாம் என்று சந்தேகிப்பதாகவும் அவரே சொன்னார். சில நாள் முன்பு பார்த்த மருத்துவர், சாதாரண வைரஸ் தொற்றாக இருக்கும் என்று அனுப்பிவைத்திருந்தார். சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய சக ஊழியர் ஒருவர் மருத்துவமனைக்குப் போய், வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் இறந்தார். செனட் அலுவலகத்தில் ஒருவருக்கும் நோய் வரவில்லை.

இந்த நோயின் இயல்பே அப்படி. தோலில் தொற்றினால் வலியில்லாத கறுத்த புண் வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம். மூச்சு வழியாக நுழைந்தால் முதலில் காய்ச்சலும் உடல்வலியுமாக ஃப்ளூ போலவே இருக்கும். கிருமி சுரக்கும் நச்சு உடலில் ஏறிய பிறகு ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லுமே தவிர, நச்சை எடுக்காது. ஆகவே முதல் சில நாட்களில் மருந்து கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே உயிர்தான் வித்தியாசம். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

டாஷலுக்கு வந்தது போலவே அந்த ஆண்டு வேறு சிலருக்கும் அனுப்பப்பட்ட கடிதங்களால் மொத்தம் 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள். ஃபுளோரிடாவில் முதலில் இறந்தவரின் நோயைக் கண்டுபிடித்துத் தந்தது கோடிக்கணக்கில் செலவழித்த எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. தண்டுவட நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அந்தக் கோல் வடிவக் கிருமிகளைச் சந்தேகப்பட்ட ஒரு மருத்துவர்தான்.

சரி, பொடி எங்கிருந்து வந்தது? அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிக்காக உழைத்த விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ்தான் அனுப்பினார் என்பது அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் முடிவு. குற்றம் சாட்டப்படும் முன்பே 2008-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் சான்றை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதெமியின் குழு 2011-இல் கூறியது. அதற்கு முன் வேறொரு விஞ்ஞானியைச் சந்தேகித்துப் பல ஆண்டு துரத்திவிட்டு, அரசு கடைசியில் இழப்பீடு கொடுத்தது தனிக்கதை.

சோவியத் பக்கமும் இதே லட்சணம்தான். 1979 ஏப்ரலில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் ராணுவ வளாகத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் காற்றில் கசிந்தது. குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்ட இறைச்சி தின்றதால் வந்தது என்று அரசு சாதித்தது. மருத்துவமனைப் பதிவேடுகளை சோவியத் உளவு அமைப்பான கேஜிபி அள்ளிக்கொண்டு போனது. ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்ற இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் திசு மாதிரிகளை ஒளித்து வைத்திருக்காவிட்டால் பொய்யே வரலாறாகியிருக்கும். பின்னர் அமெரிக்க விஞ்ஞானி மேத்யூ மெசல்சனின் குழு, இறந்தவர்கள் கசிவு நடந்த அன்று இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அவை அன்றைய காற்றின் திசையில் ஒரே கோட்டில் விழுந்தன.

இயற்கையும் சும்மா இருப்பதில்லை. ஆந்த்ராக்ஸ் ஸ்போர்கள், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் கிருமிகள், மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ரஷ்யாவின் யமால் பகுதியில் 2007-இல் கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தினார்கள். 2016 கோடையின் கடும் வெப்பத்தில் நோய் மறுபடி கிளம்பி, ஆயிரக்கணக்கான மான்களோடு 12 வயதுச் சிறுவனும் பலியான பிறகு மறுபடி தொடங்கினார்கள்.

2001-க்குப் பிறகு உயிரி பாதுகாப்பு என்ற பெயரில் அமெரிக்காவில் பணம் கொட்டியது. கிருமியைக் கையாளும் கூடங்களும் கைகளும் பெருகின. 2015-இல் வெளியான செய்தி இது: டக்வே ராணுவத் தளம், கொல்லப்பட்ட மாதிரி என்று நினைத்து, உயிருள்ள ஆந்த்ராக்ஸை அமெரிக்காவின் பல கூடங்களுக்கும் தென்கொரியாவில் உள்ள படைத்தளத்துக்கும் பத்தாண்டுக்கும் மேலாக அனுப்பிவந்திருக்கிறது. இந்த முறை அனுப்பியவர் முகவரி உறையின் மேலேயே இருந்தது.