காத்திருக்கிறோம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

தருமபுரியில் நேதாஜி பைபாஸ் சாலையிலும் பென்னாகரம் சாலையிலும் கடந்த சில ஆண்டுகளில் சாண்ட்விச்சும் பீட்சாவும் விற்கும் சிறு கடைகள் பெருகிவிட்டன. பெரிய நிறுவனங்களின் கிளைகளைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. இரண்டு கிரில், ஒரு சிறிய மின் ஓவன், மூன்று நான்கு மேசைகள், கல்லாவிலும் அடுப்படியிலும் மாறி மாறி நிற்கும் உரிமையாளர் என்று நடக்கும் கடைகளைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்திலும் அப்படியொரு கடை இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் அங்கே அடிக்கடி போகிறோம். அதைப் பற்றியும் அதைப் போன்ற கடைகளைப் பற்றியும் நண்பர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டு எனக்கென்று ஒரு கருத்து உருவாகியிருக்கிறது. தாமதத்துக்காக இக்கடைகளைத் திட்டுவதில் நியாயம் குறைவு. வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதற்காகத் திட்டினால் அதில் நியாயம் உண்டு. நாமோ முன்னதற்குக் கொதிக்கிறோம், பின்னதைக் கண்டுகொள்வதே இல்லை.

தாமதத்தை முதலில் பார்ப்போம். முப்பது நிமிடத்தில் பீட்சா வந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை நம் மனத்தில் பதித்தது டோமினோஸ் நிறுவனத்தின் விளம்பரம். அந்த உத்தரவாதத்தை, விபத்து வழக்குகள் வந்ததால், அமெரிக்காவில் அந்நிறுவனமே 1993இல் கைவிட்டுவிட்டது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பு 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் தகிப்பதால் அங்கே பீட்சா ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. நம் தெருமுனைக் கடையின் மின் ஓவன் 250 டிகிரியைத் தாண்டினாலே பெரிது. ஒரு பீட்சாவுக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும், ஒரே நேரத்தில் இரண்டுதான் வைக்க முடியும், கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கும். உங்களுக்கு முன்னால் ஆறு பீட்சா இருந்தால் உங்களுடையது வர முக்கால் மணி நேரம் ஆகும். இதில் சோம்பேறித்தனத்துக்கோ அலட்சியத்துக்கோ இடமில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் நிலைமை இன்னும் மோசம். விளக்கையும் மின்விசிறியையும் ஓட்டும் இன்வெர்ட்டரால் ஓவனைச் சூடாக்க முடியாது.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை நம்மிடம் சொல்கிறார்களா என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஊரில் வேறொரு கடையில் ஒரு சனிக்கிழமை மாலை நான் கண்டது இது. ஸ்டீல் மேடையின் விளிம்பில் ஆர்டர் சீட்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. வீட்டுக்கு உணவு கொண்டுவரும் செயலியில் ஆர்டர் வந்ததற்கான மணி ஒலிக்கும்போதெல்லாம் புதிய சீட்டு ஒன்று வந்து வரிசையின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொள்ள, எங்கள் சீட்டு பின்னால் நகர்ந்துகொண்டே போனது. "தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், "அஞ்சே நிமிஷம் சார்" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். செயலியில் வரும் ஆர்டருக்கு அங்கே நேரக் கணக்கு ஓடுகிறது, தாமதமானால் கடையின் மதிப்பெண் குறையும் என்பதெல்லாம் புரிகிறது. நேரில் வந்து நிற்பவனுக்கு அப்படி எந்தக் கணக்கும் ஓடாததால் அவனைத் தள்ளிவைப்பது எளிதாகிவிடுகிறது. அந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கமிஷன் எதுவும் பிடிக்காமல் முழுப் பணத்தையும் கையில் கொடுப்பவன் அவன்தான்.

எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் உரிமையாளரின் மனைவி கல்லாவில் இருந்தால் நடப்பதே வேறு. "அண்ணா, முன்னாடி ஆறு பீட்சா இருக்குதுங்க, முக்கா மணி நேரம் ஆயிரும். வீட்டுக்குப் போயிருங்க, ரெடியானதும் போன் பண்றேன்" என்று பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவார். அவருடைய கடையின் ஓவனும் அதே அளவுதான், பீட்சாவும் அதே தாமதத்தில்தான் வருகிறது. இருந்தும் அங்கே யாரும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

சொல்லாமல் விடப்படும் விஷயங்களில் நேரம் சிறியது. அளவைப் பாருங்கள். பல கடைகளின் விலைப் பலகையில் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்றுதான் இருக்கிறது. எத்தனை அங்குலம் என்று இல்லை. பீட்சா வட்டமானது என்பதால் விட்டத்தில் ஓர் அங்குலம் குறைந்தாலும் பரப்பில் நிறையப் போய்விடும். பத்து அங்குல பீட்சாவின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர அங்குலம். ஒன்பது அங்குலமானால் 63.6 மட்டுமே, அதாவது ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஏழு அங்குல பீட்சா இரண்டு சேர்ந்தாலும் 77 சதுர அங்குலம்தான். பத்து அங்குலம் ஒன்றுக்கு அது ஈடாகாது. பலகையில் ஓர் எண்ணை எழுதிவிட்டால் வாங்குபவர் தம் வீட்டுக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்வார்.

அடுத்தது சீஸ். மொசரெல்லா என்பது பாலில் செய்வது. பால் கொழுப்புக்குப் பதிலாகப் பாமாயில் போன்ற தாவர எண்ணெயைச் சேர்த்துச் செய்யும் மாற்றுப் பொருள்களும் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிப் பயன்படுத்துவது குற்றமல்ல. ஆனால் அவற்றைப் பால் பொருளின் பெயரைச் சொல்லி விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. சூடாக இருக்கும்போது இரண்டும் இழுபடும் என்பதால் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆறிய பிறகு மாற்றுச் சீஸ் ரப்பர் செருப்பின் வாரைப்போல் பல்லுக்கு அடங்காமல் கிடப்பதைப் பலரும் அனுபவித்திருப்பீர்கள். "டபுள் சீஸ்" என்று கூடுதலாகப் பணம் வாங்கும் கடையிடம் அந்தப் பாக்கெட்டைக் காட்டும்படி கேட்பதில் தவறே இல்லை. கேட்டதும் எடுத்துக் காட்டிய கடையும் உண்டு, முகம் சுளித்த கடையும் உண்டு.

மயோனைஸ் விஷயம் இன்னும் முக்கியமானது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 8.4.2025 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. வேக வைக்காத முட்டை வழியாகச் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பரவுவதுதான் காரணம். சாண்ட்விச் கடையில் மயோனைஸ் இல்லாத பண்டமே அரிது. அதுவும் நம் ஊர் வெயிலில் மேடைமேல் திறந்த டப்பாவில் மணிக்கணக்காக இருப்பது. முட்டை சேர்க்காத பாக்கெட் மயோனைஸைத்தான் பயன்படுத்துகிறோம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், குழந்தைக்கு வாங்கித் தரும் பெற்றோருக்கு எவ்வளவு நிம்மதி! நம் ஊரில் நான் போன கடைகளில் அப்படியொரு தாளை இதுவரை பார்க்கவில்லை.

இப்படி எழுதி ஒட்டினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, வட இந்தியாவின் பல மெக்டொனால்ட்ஸ் கிளைகள் தரமான தக்காளி போதிய அளவு கிடைக்காததால் பண்டங்களில் தக்காளி இருக்காது என்று அறிவிப்பு ஒட்டின. கேலி செய்தவர்கள் செய்தார்கள். ஆனால் வாங்கியவர் யாரும் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. தக்காளிச் சந்தைக்குப் பேர்போன பாலக்கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே மாதத்தில் நம் ஊர்ச் சாண்ட்விச்சுகளில் தக்காளி வில்லை கண்ணாடிபோல் மெலிந்து, பிறகு சத்தமில்லாமல் மறைந்தே போனது. விலை மட்டும் அப்படியே இருந்தது.

ரசீதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். சிறு வணிகர்கள் மொத்த விற்பனையில் ஒரு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம்) இருக்கும் கடை அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. வசூலிக்கத் தகுதியில்லை என்பதை ரசீதிலேயே குறிப்பிட வேண்டும். பதிவு எண்ணே இல்லாத வெள்ளைத் துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தால் கேளுங்கள். ரசீதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

நம் பக்கத்திலும் சில விஷயங்கள் சரியில்லை. பிறந்தநாள் விழாவுக்குப் பதினைந்து பீட்சா வேண்டும் என்று மாலை ஆறு மணிக்குப் போன் செய்து ஏழு மணிக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓரிகானோ பாக்கெட் ஒன்று குறைந்ததற்காகக் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, பத்து வரி எழுதுகிறவரும் இருக்கிறார். உரிமையாளர் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வீட்டுக்கு வந்து ஊருக்கெல்லாம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஒரு நட்சத்திரம் பெரிய நிறுவனத்துக்குக் கொசுக்கடி. கடன் வாங்கி ஓவன் வாங்கியவருக்கு அப்படியல்ல. கேட்டும் மழுப்பினால் எழுதுங்கள், அதில் தவறில்லை. சீஸ் என்ன, அளவு என்ன, ரசீது எப்படி என்று எழுதுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

சனி, ஞாயிறு மாலைகளில் போகிறவர்கள் ஆறரை மணிக்குள் போய்விடுவது நல்லது. ஏழுக்குமேல் செயலி மணி நிற்காது. பதினைந்து பீட்சா வேண்டுமென்றால் முந்தைய நாளே சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். மின்நிறுத்த அறிவிப்பு வந்த நாளில் பீட்சா கேட்காமல் கிரில் சாண்ட்விச் கேட்டாலும் கிடைக்காது, ஏனென்றால் கிரிலும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.