தூக்கிவிடலாம் அண்ணாச்சி!

மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, “நாலு பேரு சேந்து தூக்கிருவோம் அண்ணாச்சி, ஒரு நிமிசம்” என்று சொல்லும் அத்தனை பேரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சொல்லை இனி என் சித்தப்பாவின் காதுபடச் சொல்லாதீர்கள். நெல்லைச் சீமையில் நாலு பேர் சேர்ந்து ஒரு மனிதனைத் தூக்குவது எதற்கென்று சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் படிக்கட்டில் காவலாளி இதையே சொன்னபோது, சித்தப்பா சிரித்துக்கொண்டே, “அதுக்கு இன்னும் நாள் கெடக்குவே, இப்பமே எதுக்கு அவசரப்படுதீரு?” என்று கேட்டார். காவலாளியும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சித்தப்பா பனையேறி. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரியில், தளைநாரும் பாளை அரிவாளுமாக, நாளொன்றுக்கு நாற்பது பனையைக் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பதநீர்க் காலத்தின் ஒரு விடியலில், பிடித்த மட்டை கையோடு வந்துவிட்டது. விழுந்ததில் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போயின. பனைக்காட்டு ஊர்களில் இப்படி விழுந்து படுத்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தண்டுவடம் அடிபட்டவர் அதன்பின் மருத்துவமனையோடு உறவை அறுத்துக்கொள்ளவே முடியாது. சிறுநீர்க் குழாயை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். சிறுநீரில் கிருமி சேர்ந்தால் காய்ச்சல் தூக்கிப்போடும். உணர்ச்சியில்லாத இடத்தில் ஓயாமல் அழுத்தம் பட்டால் ரத்த ஓட்டம் நின்று, தோல் செத்து, புண்ணாகும். ஊரில் வேறெவரையும்விட அதிகமாக மருத்துவமனைக்குப் போயாக வேண்டிய மனிதரைத்தான் மருத்துவமனையின் வாசற்படி வெளியிலேயே நிறுத்திவைக்கிறது.

அந்த வாசலில் சாய்தளமே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். இருக்கிறது. மூன்று படிகள், ஒவ்வொன்றும் அரையடி. ஆக ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயர்வுக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது நம் நாட்டின் வழிகாட்டு நெறி சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் அங்கே 18 அடிச் சாய்தளமும், இருபுறமும் கைப்பிடிக் கம்பியும் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ ஐந்தடி நீளத்தில், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் கிரானைட் பதித்த ஒரு சறுக்குமரம். அதன் மேலும் அன்று மூன்று பைக்குகள் நின்றன. “ஸ்டாஃப் வண்டி சார், சாவி அவங்கள்ட்ட இருக்கு” என்றார்கள். இப்படிச் சாய்தளம் கட்டியவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உள்ளே போனபின் மூன்று மணி நேரக் காத்திருப்பு. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று நீலப் பலகை மாட்டிய அறை பூட்டிக் கிடந்தது. சாவியைத் தேடித் திறந்தால், உள்ளே துடைப்பங்கள், சலைன் அட்டைப் பெட்டிகள், கால் உடைந்த ஒரு கட்டில். மற்றக் கழிப்பறையின் கதவு இரண்டடி அகலம். சித்தப்பாவின் நாற்காலி இருபத்தைந்து அங்குலம். ஓர் அங்குலம்! நிரம்பிவிட்ட சிறுநீர்ப் பையை நான் தாழ்வாரத்து ஓரத்தில், என் துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் வடித்தேன். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரமும் எல்லோரிடமும் கேலி பேசிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு மாலைவரை வாய் திறக்கவில்லை.

இவையெல்லாம் வெறும் அவமானம், பொறுத்துக்கொண்டு போகலாம் என்று வாதிடுபவர்களுக்காகத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். மருத்துவரின் அறையில் நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கும் மேசை என் இடுப்புக்கு மேல் உயரம். சக்கர நாற்காலியின் இருக்கையோ அதில் பாதிதான். உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை ஒன்று இருந்திருந்தால், இன்றைக்கும் இரும்பாக இருக்கும் தம் கைகளை ஊன்றி, வழுக்குப் பலகை ஒன்றின் உதவியோடு சித்தப்பா தாமே நகர்ந்து படுத்திருப்பார். வீட்டுக் கட்டிலில் தினமும் அப்படித்தான் படுக்கிறார். இங்கே அது முடியாததால், மருத்துவர் அவரை நாற்காலியில் வைத்தே பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்தார், வயிற்றை அமுக்கினார், கண்ணிமையைக் கீழிறக்கினார். முதுகையும் புட்டத்தையும் பார்க்கவில்லை. தண்டுவடம் அடிபட்டவரிடம் முதலில் பார்க்க வேண்டிய இடங்களே அவைதாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பார்ப்பதற்கு வழியில்லாமல் இருந்தது, வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள். இருபது நாள் கழித்து வீட்டில் ஒரு நாள் வாடையடித்தது. வால் எலும்புக்கு மேல் நாலணா அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. அடியில் குழி எலும்புவரை போயிருந்தது. வலி தெரியாத உடம்புக்கு வலியாக இருந்து சொல்ல வேண்டியது மருத்துவரின் கண் அல்லவா? மேசையின் உயரம் அந்தக் கண்ணைக் கட்டிவிட்டது.

புண்ணுக்காக வேறொரு மருத்துவமனையில் சேர்த்தபோது, ஊசி மருந்தின் அளவைக் கணக்கிட எடை கேட்டார்கள். நிற்பவருக்கான எடை மேடைதான் அங்கே இருந்தது. செவிலியர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 65 என்று எழுதினார். எங்கள் ஊர்க் கருப்பட்டி மண்டியில் மூட்டை நிறுக்கும் தரைத் தராசில் சித்தப்பாவை நாற்காலியோடு ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்து, முந்தின வாரம்தான் நாங்கள் பார்த்திருந்தோம்: 52 கிலோ. கருப்பட்டி மண்டியில் இருக்கும் ஒரு தட்டு, கோடிக்கணக்கில் கருவிகள் வாங்கிப் போட்ட மருத்துவமனையில் இல்லை.

முதலில் போன மருத்துவமனையின் மேலாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் மிகுந்த பரிவோடு, “உங்க உணர்வு புரியுது சார், ஆனா எல்லாத்துக்கும் இடம் ஒதுக்க முடியுமா?” என்றார். இடத்தை நாங்கள் தானமாகக் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளும் தடையின்றி அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதன் 25ஆம் பிரிவு சொல்கிறது. அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியே தரக் கூடாது, கட்டி முடித்த சான்றும் தரக் கூடாது என்கிறது 44ஆம் பிரிவு. நான் சொல்லும் கட்டடம் திறந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. வாசலில் திறப்புவிழாக் கல்வெட்டு மட்டும் சக்கர நாற்காலிக்காரரும் படிக்கும் உயரத்தில் பதித்திருக்கிறார்கள். அந்த ஐந்தடிச் சறுக்கலைப் பார்த்துக் கையெழுத்திட்டவர் யார்? பழைய பொதுக் கட்டடங்களுக்கும் ஐந்து ஆண்டு அவகாசம் தந்தார்கள். விதிகள் வெளிவந்தது 2017 என்பதால், அதுவும் 2022இல் முடிந்துவிட்டது. அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது சட்டத்துக்கே முரண் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி ஒன்றிய அரசைப் பணித்தது. மீறினால் என்ன தண்டனை என்று தேடினால், முதல் முறைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் அபராதம். ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் நாலு ரத்தப் பரிசோதனையும் எடுத்தால் அவர்கள் அதை மாலைக்குள் சம்பாதித்துவிடுவார்கள்.

சக்கர நாற்காலிக்காரருக்கு மட்டுமே இந்தக் கதி என்றும் நினைத்துவிடாதீர்கள். நாங்கள் காத்திருந்தபோது எதிர்ப் பெஞ்சில் காது கேளாத ஓர் இளைஞர் இருந்தார். டோக்கன் எண்ணை வாயால் மட்டுமே கூப்பிட்டார்கள். அவருடைய எண்ணை மூன்றுமுறை கூப்பிட்டு, ஆளில்லை என்று தள்ளிவிட்டார்கள். அவர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூறாண்டைக் கடந்த காதுகேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் இருக்கும் பாளையங்கோட்டையில் இது நடக்கிறது.

அறிவு தொலைவில் இருக்கிறது என்ற சாக்கும் செல்லாது. ஆய்க்குடிக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்; 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். விருது கொடுத்தபோது கைதட்டிய ஊர்க்காரர்கள், கட்டடம் கட்டும்போது ஒருமுறை அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா?

புண் இப்போது ஆறிவருகிறது. வரும் திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறோம். சாய்தளம், கதவு, மேசை எல்லாவற்றின் அளவுகளையும் படங்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். உடம்பு தேறட்டும், நான் மட்டும் போய்வருகிறேன் என்றேன், சித்தப்பா கேட்கவில்லை. “நானும் வாரேம்ல. அங்கெயும் படி இருந்தா கீழெயே இருந்து கூப்பிடுதேன், அவங்க எறங்கி வரட்டும்” என்கிறார்.