குரங்கின் மேல் பழியைப் போட்டால் போதுமா?

2025 பிப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியில் பட்டதுதான் தொடக்கம் என்று அமைச்சரே சொன்னார். இங்கே சிங்கப்பூரில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்கக் குரங்குப் படங்கள்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. 2 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நாடு அது. நம்மில் பலருக்கு அங்கே உறவுகள் உண்டு.

குரங்கும் பாம்பும் மரக்கிளையும் உலகில் எங்காவது தினமும் மின்கம்பியில் படத்தான் செய்கின்றன. பெரும்பாலும் ஒரு தெருவோடு, ஒரு வட்டாரத்தோடு முடிந்துவிடும். ஒரு நாடே ஏன் விழுந்தது என்பதல்லவா கேள்வி?

அன்று விடுமுறை, மின்தேவை குறைவு. நண்பகல் வெயிலில் சூரிய மின்சாரம் ஏராளமாக வந்துகொண்டிருந்தது. அதனால் மற்ற மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் (டர்பைன்கள்) குறைவாகவே ஓடின. மின் அமைப்பு நொடிக்கு 50 சுழற்சி என்ற தாளத்தில் ஓடுகிறது. எங்காவது அடி விழுந்தால் அந்தத் தாளம் சரியத் தொடங்கும். சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய சுழலிகளின் உந்தம்தான் சரிவைச் சில நொடிகள் தாமதப்படுத்தி, மற்ற நிலையங்கள் கைகொடுக்க நேரம் வாங்கித் தருகிறது. அந்த நொடிகள் கிடைக்காவிட்டால், தங்களைக் காத்துக்கொள்ள நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோனதால், அடுத்த நாட்களிலும் முறைவைத்து மின்வெட்டு. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஈடான காவலை உடன் வைக்காததுதான் தவறு.

2003 ஆகஸ்ட் 14இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். ஒஹையோவில் கம்பிகள் மரங்களில் உரசின, உண்மை. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்திருந்தது. தங்கள் மின்தடங்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்படுவதே தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஊழியர்கள் திரைமுன் உட்கார்ந்திருந்தார்கள். மரத்தைவிட அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

2012 ஜூலையில் வட, கிழக்கு இந்தியாவில் 60 கோடிப் பேர் வாழும் பகுதி விழுந்தபோது தமிழ்நாடு தப்பியது. தென்னக மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. (அந்த ஆண்டு தமிழ்நாட்டை வாட்டிய தினசரி மின்வெட்டு தனிக் கதை.)

சரி, நம் ஊர்? நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2004 ஜூனில் இந்தோனேசியாவின் நட்டுனாவிலிருந்து வரும் எரிவாயு தடைபட்டதும் தீவின் பல பகுதிகள் இருண்டன. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி பின்னிரவில் மின் உற்பத்தி திடீரெனக் குறைய, சுமார் 1,47,000 இணைப்புகளுக்கு 38 நிமிடம் மின்சாரம் இல்லை. எஞ்சிய தீவு விழாமல் தாங்கியதை யாரும் பேசுவதில்லை. இருண்டது எத்தனை வீடு என்பதோடு, அந்த இருள் பரவாமல் எங்கே நின்றது என்றும் பார்க்க வேண்டும்.

ஜூரோங் தீவில் 2023இல் திறக்கப்பட்ட 285 மெகாவாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கல நிலையம் கண்ணிமைக்கும் முன் மின்சாரம் தர வல்லது. திரவ எரிவாயு முனையம், டீசல் இருப்பு, ஓடாமல் தயாராக நிற்கும் நிலையங்கள் எல்லாமே காவல்கள்தான். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அது நம் மின்கட்டணத்தில் வரும். கட்டணம் கூடும்போது முணுமுணுப்பவர்களோடு இந்த ஒன்றில் நான் சேர மாட்டேன். சும்மா நிற்கும் இயந்திரத்துக்கு ஏன் பணம் என்று கேட்பவர்கள், எங்கள் புளோக்கின் 11ஆம் மாடியில் ஆக்சிஜன் கருவியோடு வாழும் பாட்டியை வந்து பார்க்கட்டும். மின்தூக்கியும் நின்றுவிட்டால் அவரைக் கீழே எப்படி இறக்குவது? அவர் மகன் மாற்றுச் சிலிண்டர் ஒன்றை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறார். உங்கள் மாடியிலும் இப்படி ஒருவர் இருக்கக்கூடும். அவர் வீட்டில் மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.