ஒரு சாண் ரப்பர் ட்யூபைப் பார்க்க ஒருத்தருக்கும் நேரமில்லையா?

ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகம்) ஏறி இறங்குகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் பிளக் செட் மாற்றுகிறார்கள். சரியாகவில்லையா, இன்ஜெக்டர் கிளீனிங். அதற்கும் அடங்கவில்லையா, ஆக்ஸிஜன் சென்சார், அப்புறம் த்ராட்டில் பாடி. ட்யூபில் ஓட்டை விழுந்து எங்கே காற்று இழுக்கிறது (அதுதான் வாக்குவம் லீக்) என்று ஒருத்தர், ஒரே ஒருத்தராவது, பானட்டுக்குள் காதை வைத்துக் கேட்கக் கூடாதா? பழைய சிட்டி விடெக்கையும் பாலியோ 1.6ஐயும் ஆசை ஆசையாக வைத்திருக்கிறவன் ஒவ்வொரு பில்லுக்கும் அழ வேண்டியிருக்கிறது.

அதுவும் நம் ஊரில்! ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல். உப்புக்காற்றில் ஹோஸ் கிளிப் துருப்பிடித்துப் பிடி விட்டுவிடும். ட்யூப் மாட்டுகிற அலுமினிய நிப்பிளில் வெள்ளைப் பொடி பூத்து, ட்யூப் சரியாக உட்காராது. இருபது வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் வேறு. இன்ஜினின் ஆயில் ஆவியை இழுத்துக்கொண்டு போகிற பிசிவி ட்யூபை விரலால் வளைத்துப் பாருங்கள்: மேலே கறுகறுவென்று நன்றாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் வாய் பிளந்திருக்கும். வளைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகுமா?

சென்சார் மாற்றச் சொல்கிறவர்கள் இதையாவது புரிந்துகொள்ளுங்கள். ஹோண்டா மாதிரி, மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகிற குழாயில்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வைத்த வண்டியில், திருட்டுத்தனமாக நுழைந்த காற்றும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர் அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கும். அதனால் மிஸ்ஸிங் (இன்ஜின் விட்டு விட்டு எரிவது) அவ்வளவாக வராது, ஐட்லிங்தான் ஏறும். கால் எடுத்திருக்கும்போது ஆர்பிஎம் அளவு தாண்டினால் பெட்ரோலை நிறுத்தும்; விழும்; மறுபடி ஊற்றும்; மறுபடி ஏறும். அந்த ஆட்டம் இப்படித்தான் வருகிறது. உள்ளே போகிற காற்றையே அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில் மீட்டரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கிலேயே வராது, கலவை மெலிந்து மிஸ்ஸிங் அடிக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் எப்படி? (கூலன்ட் குறைந்தாலும் பழைய ஹோண்டாவில் இதே ஆட்டம் வரும். இன்ஜின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதையும் பார்த்துவிடுங்கள்.)

மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜ் ஒன்றும் கிடைக்காத பொருளில்லை. நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம், உயரத்துக்குக் கழிக்க வேண்டிய கணக்கே கிடையாது. சூடான நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 இன்ச் (பாதரச அளவு) காட்டும். முள் ஆடாமல் 13, 14இல் நின்றால் காற்று இழுக்கிறது, இல்லையென்றால் டைமிங் (பொறி விழுகிற, வால்வு திறக்கிற நேரம்) பின்தங்கியிருக்கிறது. முள் படபடவென்று அடித்தால் வால்வைப் பாருங்கள். ஏர்ஃப்ளோ மீட்டர் வைத்த, ஸ்கேனர் ஏறுகிற வண்டியா? ஐட்லிங்கில் ஃபியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) +20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் சைபர் பக்கம் வந்தால் வாக்குவம் லீக். ரேஸ் பண்ணப் பண்ணக் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர்.

அப்புறம் ட்யூப்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நெரியுங்கள். பிசிவியில் ஆர்பிஎம் கொஞ்சம் குறைவது இயல்பு. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரின் ட்யூபை நெரித்து ஐட்லிங் மாறினால் விஷயம் பெரிசு, பிரேக்கே கல் மாதிரி ஆகிவிடும். இன்ஜினை அணைத்து பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

பாட்டிலில் பெட்ரோல் எடுத்து மேனிஃபோல்டில் தெளித்துப் பார்க்கிற பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள் ஐயா! பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட், பிளக் வயரில் பொறி. சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பண்ணுங்கள். ஓட்டையில் பட்ட நொடி சத்தம் மாறும். மேனிஃபோல்டு கேஸ்கெட், த்ராட்டில் பாடி கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் மூன்றையும் காலையில் ஆறிய இன்ஜினில் சோதியுங்கள். சூடானால் உலோகம் விரிந்து ஓட்டையை மூடிக்கொள்ளும், மத்தியானம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைத்தான் ‘வண்டியில ஒண்ணுமில்லண்ணே’ என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

மாற்றும்போதாவது சரியான சரக்கு போடுங்கள். மீன் தொட்டி ட்யூப் வாக்குவத்தில் சப்பிப் போகும். ஆயில் ஆவி போகிற பிசிவிக்கு சிலிக்கான் ஹோஸும் ஆகாது. கிளிப் இந்தக் கரையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட எரிச்சல் அந்த ஐட்லிங் ஸ்க்ரூ. லீக்கைத் தேடாமல் ஸ்க்ரூவை இறுக்கி ஆர்பிஎம்மை அடக்கி அனுப்பிவிடுகிறார்கள். பின்னால் ஓட்டையை அடைத்தவர் அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை என்றால், ஏசி போட்டதும் வண்டி அணையும். உடனே ஐட்லிங் வால்வு போச்சு என்று அடுத்த பில்!