‘ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்’: 3 வயது வரை காத்திருக்கலாமா?

“ஆண் குழந்தை தாமதமாகத்தான் பேசும், 3 வயது வரை பரிசோதனை வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. பெண் குழந்தைகள் சற்று முந்துவது உண்மை. ஆனால் அந்த இடைவெளி சராசரியாக ஓரிரு மாதங்கள்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 9, 18, 30 மாதங்களில் வளர்ச்சிப் பரிசோதனையும் 18, 24 மாதங்களில் ஆட்டிசப் பரிசோதனையும் பரிந்துரைக்கிறது.

ஆட்டிச அறிகுறிகளைக் கண்டறியப் பெற்றோர் ‘ஆம்’, ‘இல்லை’ என்று நிரப்பும் படிவம் எம்-சாட். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான இதில் 20 கேள்விகள். அதில் ஒன்று: நீங்கள் அறையின் மறுகோடியில் இருக்கும் பொம்மையைச் சுட்டிக்காட்டினால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா? எப்போதோ ஓரிரு முறை பார்த்ததை வைத்துப் பாசத்தில் ‘ஆம்’ போட்டுவிடுகிறோம். வழக்கமாகச் செய்யாவிட்டால் ‘இல்லை’தான் சரியான பதில். கவலை தரும் பதில்களின் எண்ணிக்கைதான் மதிப்பெண். அது 3 முதல் 7 என்றால் கூடுதல் விளக்கக் கேள்விகள் கேட்பார்கள்; 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக நிபுணர் மதிப்பீடு. இது நோய் முத்திரை அல்ல. பேச்சு தாமதமானால் காது கேட்கும் திறனையும் கட்டாயம் சோதியுங்கள்.