அந்தப் பிள்ளையை உட்காரச் சொன்னது தவறு

சனிக்கிழமை மட்டக்களப்பில் நடந்த பைதன் பயிற்சிப் பட்டறையில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வராதவர்களுக்கும் கதை வந்து சேர்ந்திருக்கும். "பைபையில் ஓட்டினாலும் கோப்பு உடனே மூடப்படுமா சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். "பைதன் எல்லாம் ஒன்றுதான், உட்காருங்கள்" என்று பதில் வந்தது. பின்வரிசையில் சிரிப்பு.

ஒன்றல்ல. பைதன் என்பது நிரல் மொழி. அதை ஓட்டும் பொறிகள் பல; பைபை அவற்றில் ஒன்று. நாம் வழக்கமாகத் தரவிறக்கும் சிபைதன், நினைவகத்தில் உள்ள ஒரு பொருளை நிரலின் எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை பூச்சியமானதும் அந்தக் கணமே விடுவித்துவிடும். திறந்த கோப்பும் அப்படியொரு பொருள்தான்; விடுவிக்கும்போது அதுவும் மூடப்படும். ஒன்றையொன்று பிடித்து நிற்பவை பூச்சியமாவதில்லை. அவற்றைத் தேடி அகற்றத்தான் 2000-இல் 2.0 பதிப்பில் தனியாக ஒரு குப்பைச் சேகரிப்பானைச் சேர்த்தார்கள். பைபை எண்ணுவதே இல்லை. அவ்வப்போது சுற்றிவந்து, இன்னும் எட்டக்கூடியவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அகற்றும். ஜைதன் இந்த வேலையை ஜாவா இயந்திரத்திடம் விட்டுவிடுகிறது. எப்போது விடுவிக்கப்படும் என்று மொழி உறுதி தரவில்லை. பைதன் ஆவணத்திலேயே அது இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். அக்கரைப்பற்றில் மாமாவின் அரிசி ஆலைக்குக் கணக்கு நிரல் எழுதினேன். நெல் தருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. வேகத்துக்காகப் பைபைக்கு மாற்றினேன். ஆயிரத்தைத் தாண்டியதும், திறந்த கோப்புகள் மிக அதிகம் என்று நின்றுவிட்டது. அந்த லினக்ஸ் கணினியில் எல்லை 1024. ஒரு கோப்பைக்கூட நான் மூடியிருக்கவில்லை. அதுவரை சிபைதன் எனக்காக மூடிக்கொண்டிருந்தது. வாசலில் நெல் மூட்டைகளோடு உழவு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. "முடிந்துவிட்டதா பிள்ளை?" என்று மாமா மூன்று முறை வந்து கேட்டார். வேலை முடிந்ததும் கோப்பைத் தானே மூடிவிடும் 'வித்' என்ற ஒரு சொல் 2006-இலிருந்து மொழியில் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் அந்த இரவு வந்திராது.

தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்கிறீர்கள். கேட்டதே தொடக்கநிலைப் பிள்ளைதானே! நேரம் போதவில்லை என்பதை ஏற்கிறேன். "நல்ல கேள்வி, பிறகு பேசுவோம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? பெரியவரைப் பொதுவெளியில் குறை சொல்லலாமா என்பவர்களுக்கு: பெயரை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் அவளைப் பொதுவெளியில்தானே உட்கார வைத்தார்கள். உயர்தர வகுப்பில் என்னையும் இப்படித்தான் உட்கார வைத்தார்கள். அதன்பிறகு இரண்டு வருடம் நான் கையை உயர்த்தவே இல்லை.

மாலையில் கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவளைக் கண்டேன். கொப்பியில் அந்தக் கேள்வியைப் பேனையால் வெட்டியிருந்தாள். அதன் கீழே பதிலை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்படியானால் 'வித்' போட்டால் எந்தப் பொறியிலும் மூடுமா அக்கா?" என்று கேட்டாள்.

மூடும்.